பதினொரு வீட்டுக் காசோலை

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவுக்குப் பின்னால் பாய். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், எங்களுக்குக் கடனில் சோலார் பேனல் அனுப்பும் மதுரை மொத்தக் கடையிலிருந்து பாக்கி வசூலிக்க வந்த ஆள். வாசல்படியில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபிட்டர் அண்ணன். சுவரோரப் பெஞ்சில், வங்கிப் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு என் மதினி. என் அண்ணனின் மனைவி, வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஐந்தாவது நான். ஆறாவதாக ஒருவரும் இல்லை. எதிர்த்த டீக்கடைக்காரர் உட்பட நாலைந்து பேர் பின்னாளில் தாங்களும் அங்கே நின்றதாகவும், பாய் சொன்னதைக் காதால் கேட்டதாகவும் சொல்லித் திரிந்தார்கள். அதை நம்ப வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் கையில் டீ டம்ளர் இருந்தது என்பது வரை எனக்கு மறக்கவில்லை. மறக்க முடியாதபடி பிறகு நடந்துவிட்டது.

பாய் என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், நூல் மில்லில் கழித்துப் போட்டது எல்லாம் அவரிடம் வரும். சோலாருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்க ஆரம்பித்ததும் கடையின் பாதியை அதற்கு ஒதுக்கினார். இரண்டு வருடத்தில் மோட்டார்கள் மூலைக்குப் போய், அவற்றின் மேல் பேனல் வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டுவிட்டன. நான் வேலை பார்த்த மில்லில் ஷிப்டைக் குறைத்து எங்களை அனுப்பிய வருடம், அவர் கடையில் ஒரு பெண் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மாடிக்குப் போக வேண்டுமென்றால் பல வீடுகளில் சமையல்கட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டு ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஃபிட்டர் அண்ணன் தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். நான் கூடப் போனால் திறப்பார்கள். கரண்டு பில், ஆதார் நகல், பாஸ்புக் எல்லாம் வாங்கி அடுக்குவதும், மாட்டி முடித்த பேனலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரை நிறுத்திப் போட்டோ எடுப்பதும் என் வேலை. அந்தப் போட்டோ இல்லாமல் மானியம் கிடையாது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதை மட்டும் பாய் தானே ஒற்றை விரலால் செய்துகொள்வார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லிவிடுவேன். சேர்த்து வாசிக்க வராது. இதைக் கடையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். பேனலை மாட்டி இறங்கிய பிறகும், காற்றில் பிய்த்துக்கொண்டு யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று ஃபிட்டர் அண்ணனை மறுபடி மேலே ஏற்றி போல்ட்டைத் திருகிப் பார்க்கச் சொல்லுவேன். அவர் ஏறிக்கொண்டே சொல்லுவார்: "ஏட்டி, ஒன் சந்தேகத்துக்கு மானியம் குடுத்தாம்னா நீ ஒரு மில்லே வாங்கிருவ."

எங்கள் வியாபாரம் நடந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு வீட்டுக்குப் பேனல் மாட்ட ஆகும் மொத்தச் செலவில், பிறகு அரசாங்கத்திலிருந்து வரப்போகும் மானியம் அறுபதாயிரத்தைக் கழித்துக்கொண்டு, மீதியைத்தான் வீட்டுக்காரரிடம் வாங்குவோம். முழுப் பணத்தையும் எடுத்து வைக்கிற வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கிறது. வேலை முடிந்து, மீட்டர் மாறி, மூன்று நான்கு மாதம் கழித்து மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் விழும். அதை எடுத்து அவர் கடைக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் போய்விட்டால்? அதற்காகத்தான் பாஸ்புக்கையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையையும் முன்கூட்டியே வாங்கி வைப்போம். ராஜபாளையத்தில் சோலார் விற்ற எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். பாய் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்தது நான்தான். தொகை எழுதாத காசோலையைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பாஸ்புக்குக்குள் தள்ளி மறைத்துவிடுவேன். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமே என்று தோன்றும். பாய் எழுத மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைக்கு மதினி கொண்டு வந்ததும் அதைத்தான். பாஸ்புக், காசோலை இரண்டையும் நான் வாங்கி டின்னில் வைத்தேன். அப்போதுதான் மதுரை ஆள் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "பாய், மானியத்தக் கொறைச்சுட்டாங்க. பேனல் வெல எறங்கிருச்சாம், அதனால கொறைக்காங்களாம்" என்றார். ஏற்கெனவே கடந்துபோன ஒரு தேதிக்குள் வேலை முடிந்த வீடுகளுக்குத்தான் பழைய மானியமாம். மற்றவர்களுக்கு அறுபது கிடையாது, நாற்பத்திரண்டாயிரம். பாய் கல்லாப்பெட்டியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பணம் வாங்கிவிட்டு இன்னும் மாட்டாத வீடுகள் பதினொன்று. மதினி வீடும் அதில் ஒன்று.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பதினெட்டாயிரம் துண்டு விழுது. பாதி எந்தலையில, பாதி அவிய தலையில. வீட்டுக்கு ஒம்பதாயிரம் குடுக்கட்டும், மீதிய நான் பாத்துக்கிடுதேன்." பிறகு மதினியைப் பார்த்து, "என்ன தங்கச்சி, சரிதானே?" என்றார். மதினி, "ஒங்களுக்குத் தெரியாததா பாய்" என்றார். மதுரை ஆள் டீயைக் குடித்து முடித்து, "எங்க பாக்கியில பாதி கிடையாது பாய், அத ஞாவகம் வச்சுக்கங்க" என்றார்.

நியாயமான பேச்சு என்றுதான் அன்று பட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. அந்தப் பதினொரு வீடுகளும் ஏன் மாட்டாமல் கிடந்தன? மதுரையிலிருந்து லாரி நிறைய ஏற்றினால் பேனல் விலையில் சலுகை உண்டு என்று, பத்துப் பன்னிரண்டு வீடு சேரும் வரை பாய் காத்திருப்பார். அந்தத் தடவை மூன்று வாரம் காத்திருந்தார். வீடு வீடாக முன்னமே மாட்டியிருந்தால் எல்லோரும் பழைய மானியத்துக்குள் வந்திருப்பார்கள். சலுகை அவருக்கு, துண்டு மட்டும் பாதி எங்களுக்கா? இதை ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டேன். "அவரு என்ன கனாவா கண்டாரு? அரசாங்கம் நெனச்சா கூட்டும், நெனச்சா கொறைக்கும். நீ போய் சோத்தத் தின்னு" என்றார். அவருக்கு எதுவும் பெரிதில்லை. எனக்கு அன்றிலிருந்து பாயின் ஒவ்வொரு அசைவும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

போன் வந்தால் தெருவுக்கு இறங்கிப் போய்ப் பேசினார். முன்பெல்லாம் கடைக்குள்ளேயே, எங்கள் எதிரேதான் பேசுவார். மேசை இழுப்பறைக்குப் புதுப் பூட்டு வந்தது. மதுரை ஆள் வருகிற நாளில் என்னை எங்காவது வெளியே அனுப்பினார். இவற்றுக்கெல்லாம் காரணம் இன்று எனக்குத் தெரிகிறது. கடன்காரன் முன்னால் நாம் குனிந்து நிற்பதை நம்மிடம் சம்பளம் வாங்குகிறவள் பார்க்க வேண்டாம் என்று நினைப்பது தப்பா என்ன. அன்றைக்கு எனக்கு அது வேறாகத்தான் தெரிந்தது. புது ஆட்களும் வருவது நின்றிருந்தது. விலை கேட்டு வந்தவர்கள் மானியம் குறைந்ததைக் கேட்டதும், "முழுசா வரும்போது வாரோம் பாய், வெயிலு எங்க போயிரப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யோசித்துப் பார்த்தால், மானியத்தைக் குறைத்தவர் யார், எந்த ஊரில் எந்த மேசையில் உட்கார்ந்து குறைத்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த முகம் பாயுடையது ஒன்றுதான். சந்தேகப்படுவதற்கும் அது ஒன்றுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பேனல்கள் வந்தன. பதினொரு வீடுகளுக்கும் மாட்டினோம். மதினி வீட்டு மாடியில் அவரைப் பேனலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். கண்ணாடியில் வெயில் தெறித்து மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்பதாயிரத்தை மானியம் விழும்போது சேர்த்துத் தருவதாக எல்லா வீட்டுக்காரர்களும் தவணை கேட்டார்கள், பாயும் சரி என்றார். நாலு மாதம் கழித்து, புரட்டாசியில், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பாய், "ஒன் மதினிக்கு விழுந்துருச்சும்மா. நாப்பத்திரெண்டாயிரம். திங்கக்கெழம ஒம்பதாயிரத்தோட வரச் சொல்லு, செக்க நெரப்பிருவோம்" என்றார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. அவர் எப்போதும் திருப்பிக் காட்டியதில்லைதான். ஆனால் அன்று அது எனக்குப் பட்டது.

அவர் மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், சாவி கல்லாவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து மதினியின் பாஸ்புக்கையும் காசோலையையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் சனிக்கிழமை. அம்மாவுக்குக் கண் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி லீவு எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனி என்று போகிற கூட்டம், மொட்டை போட்ட பிள்ளைகளும் துளசி மாலைகளுமாக. என் பயத்துக்கு அந்த நெரிசல் ஒத்தாசையாக இருந்தது. வங்கி வாசலில் பாஸ்புக்கை நுழைத்தால் வரவு செலவை அச்சடித்துத் தருகிற மெஷின் உண்டு. நுழைத்தேன். அது கரகரவென்று அடித்துத் துப்பியது.

இரண்டு வரவு இருந்தது. ஒன்று நாற்பத்திரண்டாயிரம். பன்னிரண்டு நாள் தள்ளி இன்னொன்று, பதினேழாயிரத்து அறுநூறு. இரண்டுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் வால் வாலாக எழுத்துகளும் எண்களும். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் வார்த்தையாகவில்லை. ஆனால் கூட்டல் எனக்கு வரும். ஐம்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. அறுபதுக்கு நானூறு குறைவு. அந்த நானூறை வங்கியில் ஏதோ சார்ஜ் என்று பிடித்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டேன். மானியம் இரண்டு தவணையாக முழுசாக வந்திருக்கிறது. பாய் நாற்பத்திரண்டு என்று சொல்லுகிறார். கையில் தொகை எழுதாத காசோலை இருக்கிறது. அதில் ஐம்பத்தொன்பதாயிரத்து அறுநூறு எழுதி எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்பதாயிரமும் வாங்கப் போகிறார். கணக்கு பொருந்திவிட்டது. உள்ளே கவுண்டரில் இருந்தவரிடம் பாஸ்புக்கைக் காட்டி, இது என்ன வரவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்தவர் பாஸ்புக் உன் கையில் எப்படி வந்தது என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயம். வாசிக்கத் தெரியாது என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. கேட்காமல் படியிறங்கிவிட்டேன்.

அங்கிருந்து நேரே வன்னியம்பட்டி. மதினி மாடியில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேனலின் நிழலில் உட்கார்ந்து பாஸ்புக்கை விரித்துக் காட்டினேன். "மதினி, முழுசா வந்திருக்கு. ரெண்டு தடவையா போட்டிருக்கான். ஒம்பதாயிரம் குடுக்காதீங்க. செக்கு இந்தா இருக்கு, கிழிச்சுப் போடுங்க. வந்ததுல சேர வேண்டியத நீங்களே எடுத்துப் போய்க் குடுங்க."

மதினி பாஸ்புக்கை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பத்தாவது வரை படித்தவர். பிறகு மூடினார்.

"ரெண்டு தடவையா வந்திருக்கோ" என்றார்.

"ஆமா மதினி. பாத்தீங்கள்ல."

"நீ கடையில இருக்கவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடக் கீழே இறங்கினார்.

இந்த வார்த்தைகளை நான் இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், என் சந்தேகம் என் சொந்தக்காரியின் ஒன்பதாயிரத்தைக் காப்பாற்றிவிட்டது என்பதுதான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பூட்டை இழுத்துப் பார்க்காமல் தூங்கினேன்.

திங்கட்கிழமை மதினி தனியாகக் கடைக்கு வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனதாக ஃபிட்டர் அண்ணன் சொன்னார். நான் அன்று வேறொரு வீட்டில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கொடுத்தார் என்று கேட்கவில்லை. வந்ததைத்தான் கொடுத்திருப்பார் என்று இருந்துவிட்டேன். பாயும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. டின்னில் பாஸ்புக் இல்லாததை அவர் பார்த்திருக்க வேண்டும். அதைக் கேட்காமல் இருந்ததே எனக்கு அவர் மேல் இன்னொரு சந்தேகமாயிற்று.

வியாழக்கிழமை ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வன்னியம்பட்டியிலும் பக்கத்திலும் எங்களிடம் பேனல் மாட்டிய வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மதினியிடம் நான் சொன்ன சேதி ஊர்ச் சேதியாகிவிட்டிருந்தது. முன்னால் நின்ற பெரியவர், "ஒத்த வீட்டுக்கு முழுசா வந்தா எல்லா வீட்டுக்கும் வரும்லா? பொறவு ஒம்பதாயிரம் யாரு வீட்டுப் பணம்?" என்று கேட்டார். இன்னொருவர், "எழுதாத செக்க எதுக்கு வாங்கி வச்சிருக்கீரு, எங்க தலையெழுத்த எழுதவா?" என்றார். சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பில்லை. பாய் எழுந்து நின்று, வந்தது நாற்பத்திரண்டுதான், வேண்டுமானால் அந்தத் தங்கச்சியையே கேளுங்கள் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் என்றார். பாய் இழுப்பறையைத் திறந்து, டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தார். ரப்பர் பேண்டு போட்ட பத்துக் கட்டும் விழுந்தன, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர். "என்னய நம்பாதவிய செக்கு எனக்கு எதுக்கு? எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் போட்டோ ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் அந்த ஒன்பதாயிரத்தைக் கொடுக்கவில்லை. மானியம் விழுந்தபோது அந்த நாற்பத்திரண்டாயிரத்தையும் கொடுக்காத வீடுகள் நான்கு. மதுரைக் கடை அனுப்புவதை நிறுத்தியது. குடோனில் மிச்சம் இருந்த பேனல்களை ஒருநாள் வேன் கொண்டு வந்து ஏற்றிக்கொண்டு போனது. தையிலே பாய் கடையை மூடினார். எங்கள் கடை மட்டும் என்று சொல்ல முடியாது. மானியம் வந்த வருடம் ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு சூரியன் படம் போட்ட போர்டு முளைத்தது; குறைத்த வருடம் அதே போர்டுகளில் கேமரா படமும் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் படமும் ஏறின. கையில் முழுப்பணம் வைத்திருந்த பெரிய கடைகள் நின்றன, கடனில் வாங்கி மானியத்தை நம்பி விற்றவர்கள் போனார்கள். ஆகையால் நான் இல்லாவிட்டாலும் பாய் கடை போயிருக்கும் என்று சொல்லலாம். ஃபிட்டர் அண்ணன் அப்படித்தான் சொன்னார். அவர் இப்போது அந்தக் கேமராக்களைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார். ஆனால் பாதியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர், மற்ற பாதி வந்திருந்தால் அந்த வருடத்தைத் தாண்டியிருப்பாரா மாட்டாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் என் கை இருக்கிறது.

விஷயம் தெரிந்தது அடுத்த வருடம். கேரளாவுக்கு லாரி ஓட்டுகிற என் அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தான். வன்னியம்பட்டி வீட்டுத் தொழுவத்தில் புதிதாக ஒரு பசு நின்றது, கன்று போட்டுப் பத்து நாள். தடவிக் கொடுத்துக்கொண்டே, "இது ஏதுண்ணே?" என்றேன். "கூமாப்பட்டியில ஒன் மதினி பேருக்கு அவ அப்பா எழுதி வச்ச நெலம் இருக்குல்ல, அதுல மக்காச்சோளம் புழு விழுந்து போச்சே. இன்சூரன்சு பதினேழாயிரத்து அறுநூறு வந்துச்சு. என் போனுக்குத்தான மெசேஜ் வரும், அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிட்டேன். மேல கொஞ்சம் போட்டுப் பிடிச்சோம்" என்றான். மதினி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் செத்த நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போது தூக்குவாளியில் சீம்பால் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மாடியில் மதினி பாஸ்புக்கைப் பார்த்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அண்ணன் அன்றைக்கே சொன்னானென்றால், நான் போய்ச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதானே என்னைப் பேசவிட்டார்? அல்லது, கடையில் இருக்கிற இவள் சொல்வதில் தனக்குத் தெரியாத ஏதோ இருக்கும் என்று நினைத்தாரா? நான் கேட்கவில்லை. கேட்டால், நீதானே வந்து சொன்னாய் என்பார்.

பாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பால்கோவாக் கடைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மேசை போடுகிற அளவு இடம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிறார். பால் காய்ச்சுகிற விறகுப் புகை அவருடைய மேசை வரை வந்துகொண்டிருந்தது. தாடி முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாவி எடுத்தது, மெஷினில் அடித்தது, வாசிக்கத் தெரியாதது, புழு விழுந்த மக்காச்சோளம் வரை. அவர் கையில் இருந்த சூடான பற்றவைப்புக் கம்பியை அதன் தாங்கியில் வைத்தார்.

"இப்ப எதுக்கும்மா வந்து சொல்லுத? யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பல பாய். எனக்கு மனசு கேக்கல."

"அந்தத் திங்கக்கெழம ஒன் மதினி வந்து நாப்பத்திரெண்டாயிரத்த எண்ணி வச்சா. ஒம்பதாயிரம் எங்கம்மான்னு கேட்டேன். பொறவு தாரேன்னா. வந்தது இம்புட்டுத்தான் பாய்னு அவ வாயாலயே சொன்னா. ஒரே வீட்டுப் பொம்பளய ரெண்டு பேரு. அவளுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியாது, என்ன?"

மதினி நான் சொன்னதை நம்பியிருந்தால் ஐம்பத்தொன்பதாயிரத்து அறுநூறையும் கொண்டு வந்து வைத்திருப்பார். நாற்பத்திரண்டை மட்டும் வைத்திருக்கிறார்.

"தெரியாது பாய். நெசமாத்தான்."

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். கோபம் இல்லை, பழுதுக்கு வந்த பொருளில் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று தேடுகிற பார்வை. "தென்காசி ரோட்டுச் சோலார்க் கடைக்காரன் அந்த மாசந்தான் எம் பதினோரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி, பாய் கடையில ஏமாத்துதாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அதே மாசம் நீ டின்னத் தொறந்துருக்க. எம்புட்டு வாங்கினம்மா அவங்கிட்ட? சொல்லு. நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. தெரிஞ்சுக்கிடணும், அம்புட்டுத்தான்."

ஒரு பைசா வாங்கவில்லை என்றேன். அம்மா மேல் சத்தியம் செய்கிறேன் என்றேன். "சத்தியமெல்லாம் வேண்டாம்" என்றார். அத்தனை நாளாக அவர் மனதில் ஓடிய கணக்கு, வங்கி வாசலில் நான் போட்ட கணக்கைப் போலவே ஒரு குறையும் இல்லாமல் பொருந்தியிருந்தது. அதில் எந்த இடத்தில் விரல் வைத்து இது தப்பு என்று நான் காட்டுவது? எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லாதவள், சாட்சி இல்லாதவள், சாவியை அவர் இல்லாத நேரத்தில் எடுத்தவள்.

மதினி வீட்டு ஒன்பதாயிரத்தை நான் மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பாதிய நான் ஏத்துக்கிட்டது எங்கூட நின்னவியளுக்கு. அது கவுந்துருச்சு. குடுக்கணும்னா முழுசா, பதினெட்டு குடு. இல்லேன்னா போயிட்டு வா, நான் கேக்க மாட்டேன்." இது நியாயமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. லாரி நிறையட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தது அவர்தானே என்று நாக்கு வரை வந்தது. மற்ற வீட்டுக்காரர்களில் யாராவது இப்படி ரகசியமாக வந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ, எல்லோரிடமும் முழுசாக வாங்குகிறாரோ என்றும் ஒரு எண்ணம் ஓடியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு பழைய பஞ்சு மில்லில் கணக்கெடுக்கிற வேலை எனக்கு. சம்பளம் வாங்கிய மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, ஐந்நூறு ரூபாயைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்கிறேன். அவர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். அவர் சரியான எண்ணை எழுதுகிறாரா என்று, பேனாவை மூடும் வரை நான் நின்று பார்க்கிறேன். நான் பார்ப்பதை அவரும் பார்க்கிறார். டீ சொல்லட்டுமா என்று ஒரு தடவை கேட்டார், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மதினிக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பதின்மூன்று மாதம் ஆகிறது. கொடுத்தது ஆறாயிரத்து ஐந்நூறு. பாக்கி பதினோராயிரத்து ஐந்நூறு.